கால் நடந்தால் மூளைக்கு என்ன லாபம்? எம்.எஸ். நோயும் நடைப்பயிற்சியும்

மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்றதும் தள்ளாடும் நடை, மரத்துப்போன கால், மங்கும் பார்வை ஆகியவைதான் நினைவுக்கு வரும். சுருக்கமாக எம்.எஸ். என்று அழைக்கப்படும் இந்த நோய் யோசிக்கும் திறனையும் தொடுகிறது என்பது பல குடும்பங்களுக்குத் தெரியாது. நோயாளிக்கு மட்டும் அது நன்றாகத் தெரியும். கடைக்காரர் மூன்று பொருளின் விலையை மளமளவென்று சொன்னால், மூன்றாவதைக் கேட்பதற்குள் முதல் விலை மறந்துபோகும். அலுவலகக் கூட்டத்தில் பேச்சு அடுத்த விஷயத்துக்குத் தாவிய பிறகுதான் முந்தைய கேள்விக்குப் பதில் வாயில் வரும். குக்கர் விசில் எண்ணிக்கொண்டே போனில் பேசுவது முன்பு சாதாரணம். இப்போது இரண்டில் ஒன்று தவறும். வீட்டில் இதற்குக் கிடைக்கும் பெயர் "கவனமில்லாமை".

இந்தத் தடுமாற்றம் நோயின் ஒரு பகுதி. இதற்கு நடைப்பயிற்சி கைகொடுக்குமா என்று உலகின் பல ஆய்வுக்கூடங்கள் இப்போது தேடிக்கொண்டிருக்கின்றன. இதுவரை கிடைத்த பதில் நம்பிக்கை தருகிறது. அதில் வரம்புகளும் உண்டு. இரண்டையும் தெரிந்துகொண்டு நடப்பதே நல்லது.

நரம்பின் உறை சிதைந்தால்...

மின்கம்பிக்கு மேல் பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல் நம் நரம்பிழைகளுக்கு மேல் மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. மூளையிலிருந்து கிளம்பும் செய்தி வேகமாகவும் சிதறாமலும் போய்ச்சேர இந்த உறை அவசியம். எம்.எஸ். நோயில் உடலின் எதிர்ப்புச் சக்தி வழிதவறி, தன் சொந்த மயலினையே தாக்குகிறது. மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகிய மூன்றிலும் ஆங்காங்கே அழற்சி ஏற்பட்டு, உறை சிதைந்து, தழும்பு விழுகிறது. தழும்பு விழுந்த இடத்தைப் பொறுத்து அறிகுறியும் மாறும். அதனால்தான் இந்த நோய் ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருப்பதில்லை.

உலகம் முழுவதும் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2020-இல் வெளியான சர்வதேசக் கணக்கெடுப்பு சொல்கிறது. நோய் கண்டறியப்படும் சராசரி வயது 32. ஆண்களைவிடப் பெண்கள் இரண்டு மடங்கு அதிகம். படிப்பு முடித்து வேலையில் காலூன்றி, குழந்தை வளர்க்கும் வயதில் வரும் நோய் இது. வட ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் ஒப்பிட்டால் இந்தியாவில் பாதிப்பு விகிதம் குறைவுதான். ஆனாலும் 2016-இல் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரித்த 21 வகைக் குறைபாடுகளில் எம்.எஸ். நோயும் ஒன்று.

நினைவைவிட வேகம்தான் முதலில் குறைகிறது

பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்க்கோ 1868-இல் இந்த நோயைத் தெளிவாக வரையறுத்தார். நோயாளிகளின் நினைவு தளர்வதையும், எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் அவர் அப்போதே குறித்துவைத்தார். அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாக மருத்துவ உலகின் கவனம் பெரும்பாலும் கால்களின் மீதே இருந்தது. எம்.எஸ். உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கோ அதற்கும் மேலானவர்களுக்கோ ஏதோ ஓர் அளவில் சிந்தனைத் திறன் பாதிக்கப்படுகிறது என்பது இப்போது உறுதியாகியிருக்கிறது.

முதலில் அடிவாங்குவது தகவலைக் கையாளும் வேகம். கேட்டதைப் புரிந்துகொண்டு பதில் சொல்ல ஆகும் நேரம் கூடுகிறது. அடுத்தது புதிதாகக் கற்பதும் அதை நினைவில் வைப்பதும். மொழியறிவும் பொது அறிவும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதனால் பத்து நிமிடம் பேசிப் பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது.

இதை அளக்க எளிமையான சோதனை ஒன்று உண்டு. ஒன்பது குறியீடுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் என்று ஒரு பட்டியலைத் தருவார்கள். கீழே வரிசையாக உள்ள குறியீடுகளுக்கு 90 விநாடிக்குள் எத்தனை எண்களைச் சரியாகச் சொல்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். கணினி வேண்டாம், ஸ்கேன் வேண்டாம். நோய் கண்டறிந்த உடனே ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கு ஒருமுறையும் இப்படிச் சோதிப்பது நல்லது என்று வல்லுநர்கள் பரிந்துரைக்கிறார்கள். உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் இதைக் கேட்டுப் பெறலாம்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். மனச்சோர்வு, தூக்கக் குறைவு, தைராய்டு கோளாறு, பி12 வைட்டமின் குறைபாடு, சில மாத்திரைகள் ஆகியவையும் யோசனையை மந்தமாக்கும். இவற்றைச் சரிசெய்ய முடியும். எல்லாப் பழியையும் எம்.எஸ். மீது போடும் முன் இவற்றைப் பரிசோதித்துவிட வேண்டும்.

"ஓய்வெடுங்கள்" என்று சொன்ன காலம்

ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் உட்தாஃப் 1890-இல் ஒன்றைக் கவனித்தார். எம்.எஸ். நோயாளிகள் சிலர் உடலை வருத்தி உழைத்ததும் அவர்கள் பார்வை தற்காலிகமாக மங்கியது. உடல் சூடேறுவதுதான் இதற்குக் காரணம் என்பது பின்னாளில் புரிந்தது. உறை இழந்த நரம்பில் செய்தி ஏற்கெனவே தட்டுத்தடுமாறிப் போகிறது. உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே அது இன்னும் தடைப்படலாம். உடல் குளிர்ந்ததும் பழைய நிலை திரும்பும். புதிய சேதம் எதுவும் இதனால் உண்டாவதில்லை.

ஆனால் இந்தத் தற்காலிக மங்கலைக் கண்டு பயந்து, உடற்பயிற்சி நோயை முற்றச்செய்யும் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். படியேறாதே, வெளியே போகாதே, களைத்துப்போகாதே என்பதே அறிவுரையாக இருந்தது. 1996-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழக ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. 54 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வாரம் மூன்று முறை, 40 நிமிடம் வீதம் 15 வாரம் கை, கால் இரண்டுக்கும் மிதிப்பயிற்சி அளித்தார்கள். அவர்களுடைய இதய, நுரையீரல் திறன் கூடியது, தசை வலுப்பட்டது, மனநிலை மேம்பட்டது. அதன்பின் வந்த பல ஆய்வுகளும் இதையே உறுதிசெய்தன. முறையான பயிற்சியால் நோய்த்தாக்குதல் அதிகரிப்பதில்லை.

மருத்துவம் மாறிவிட்டது. நம் வீடுகளில் பழைய அறிவுரை இன்னும் போகவில்லை.

நடை மூளைக்குள் என்ன செய்கிறது?

நடக்கும்போது இதயத் துடிப்பு கூடி மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் அதிகரிக்கிறது. பி.டி.என்.எஃப். என்ற புரதத்தின் சுரப்பும் கூடுகிறது. நரம்பணுக்கள் பிழைத்திருக்கவும் புதிய இணைப்புகளை உண்டாக்கவும் இந்தப் புரதம் உதவுகிறது. இவை தவிர நடப்பதே மூளைக்கு ஒரு வேலை. தரையின் மேடுபள்ளத்தைக் கண் பார்க்கிறது, உடலின் சமநிலையை உட்காது அளக்கிறது, பாதம் அழுத்தத்தை உணர்கிறது. இவற்றை ஒவ்வோர் அடிக்கும் ஒன்றுசேர்த்து அடுத்த அடியை மூளை முடிவு செய்கிறது.

நோயில்லாத முதியவர்களிடம் இதன் பலன் அழுத்தமாகவே தெரிந்திருக்கிறது. கிர்க் எரிக்சன் தலைமையில் அமெரிக்காவில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில் 120 முதியவர்கள் பங்கேற்றார்கள். ஒரு குழுவினர் வாரம் மூன்று நாள் நடந்தார்கள். நேரத்தைப் படிப்படியாக 40 நிமிடம்வரை கூட்டினார்கள். மற்றவர்கள் உடலை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி செய்தார்கள். ஓராண்டு கழித்து ஸ்கேன் எடுத்தபோது, நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. மற்றக் குழுவில் அது 1.4 சதவீதம் சுருங்கியிருந்தது. புதிய நினைவுகளைப் பதிக்கும் பகுதி இந்த ஹிப்போகாம்பஸ்தான். எம்.எஸ். நோயில் சீக்கிரம் சுருங்கத் தொடங்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. எம்.எஸ். ஆய்வாளர்களின் பார்வை நடையின் பக்கம் திரும்ப இது ஒரு முக்கியக் காரணம்.

எட்டுப் பேர், 12 வாரம், ஒரு டிரெட்மில்

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள கெஸ்லர் அறக்கட்டளையின் ஆய்வாளர் பிரையன் சாண்ட்ராஃபும் அவருடைய சகாக்களும் எம்.எஸ். உள்ளவர்களை வைத்தே ஒரு முன்னோட்ட ஆய்வு செய்தார்கள். நடக்க முடிந்த எட்டுப் பேர் அதில் சேர்ந்தார்கள். சிலருக்கு 12 வாரம் கண்காணிப்போடு டிரெட்மில் நடைப்பயிற்சி. வேகத்தையும் நேரத்தையும் மெல்ல மெல்லக் கூட்டினார்கள். மற்றவர்கள் பயிற்சி இல்லாமல் காத்திருந்தார்கள்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேனில் தலாமஸ் என்ற பகுதியைக் கூர்ந்து பார்த்தார்கள். மூளையின் நடுவே இருக்கும் தலாமஸ், பல பகுதிகளிலிருந்து வரும் தகவலை வாங்கி மேல்மூளைக்குப் பிரித்து அனுப்புகிறது. எம்.எஸ். நோயில் இதுவும் ஆரம்பத்திலேயே பாதிக்கப்படுகிறது. இது சுருங்கச் சுருங்க யோசிக்கும் வேகமும் குறைகிறது. நடைப்பயிற்சி பெற்றவர்களிடம் தலாமஸுக்கும் மூளையின் முன்பகுதிக்கும் இடையிலான தொடர்பு வலுப்பட்டிருந்தது. தகவலைக் கையாளும் வேகமும் கூடியிருந்தது. ஹிப்போகாம்பஸை ஆராய்ந்த அதே வகையான இன்னொரு சிறு ஆய்வில், அப்பகுதித் திசுவின் தன்மையும் நினைவாற்றலும் சேர்ந்தே மேம்பட்டன.

எட்டுப் பேரை வைத்துப் பொது விதி எழுத முடியாது. அந்த ஆய்வாளர்களும் இதை முதற்கட்டச் சான்று என்றே அழைத்தார்கள். ஆனாலும் இது ஒரு வழியைக் காட்டியது. சேதமடைந்த மூளையும் பயிற்சிக்கு மறுமொழி சொல்கிறது. அந்த மறுமொழியை ஸ்கேனில் பார்க்க முடிகிறது.

பெரிய ஆய்வு என்ன சொன்னது?

கனடாவின் ஆன்டனி ஃபெயின்ஸ்டைன் தலைமையில் காக்எக்ஸ் என்ற பெரிய ஆய்வு ஆறு நாடுகளில், 11 மையங்களில் நடந்தது. நோய் படிப்படியாக முற்றும் வகை எம்.எஸ். உள்ள, யோசிக்கும் வேகம் ஏற்கெனவே குறைந்திருந்த 311 பேர் இதில் சேர்ந்தார்கள். 12 வாரம், வாரம் இரண்டு முறை உடற்பயிற்சியும் கணினி வழி மூளைப் பயிற்சியும் அளித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, பயிற்சிபோலவே தோன்றும் எளிய செயல்களை வேறு குழுக்களுக்குக் கொடுத்தார்கள். 2023-இல் முடிவு வெளியானது. தகவலைக் கையாளும் வேகத்தில் குழுக்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இந்த முடிவை மறைத்துவிட்டு நடையின் புகழ் பாடுவது நோயாளிகளுக்குச் செய்யும் நியாயமல்ல. நோய் முற்றி, சிந்தனை நன்றாகத் தளர்ந்த பிறகு மூன்று மாதப் பயிற்சியால் அதை மீட்டுவிடலாம் என்று இன்று யாரும் வாக்குறுதி தர முடியாது. அதே சமயம் அந்த ஆய்வில் பயிற்சி அமர்ந்த நிலையில் கை கால்களை இயக்கும் கருவியில் நடந்தது. வாரத்துக்கு இரண்டே நாள். நோயின் தொடக்கத்திலேயே ஆரம்பித்தால் என்ன ஆகும், ஆண்டுக்கணக்கில் நடந்தால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு அது பதில் சொல்ல வரவில்லை.

ஆக, நடை எம்.எஸ். நோயைக் குணப்படுத்தாது. நோய்த்தாக்குதலைக் குறைக்கும் ஊசி, மாத்திரைகளுக்கு அது மாற்றும் ஆகாது. மருந்தை நிறுத்திவிட்டு நடையை நம்புவது ஆபத்து. மருந்தோடு சேர்ந்த நடையில் உறுதியாகக் கிடைப்பவை நடை வேகம், உடல் தெம்பு, குறையும் களைப்பு, நல்ல தூக்கம், தெளிவான மனநிலை. இவை ஒவ்வொன்றும் யோசிக்கும் திறனுக்குத் துணை. மூளையின் இணைப்புகளும் வலுப்பட்டால் அது கூடுதல் வரவு. கிடைக்கும் லாபத்தையும் செலவையும் எடைபோட்டால் நடப்பதற்கே காரணங்கள் அதிகம்.

எவ்வளவு நடக்கலாம்?

இலேசான அல்லது மிதமான பாதிப்பு உள்ளவர்களுக்கு, வாரம் இரண்டு முறை 30 நிமிட மிதமான பயிற்சியும், வாரம் இரண்டு முறை தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் குறைந்தபட்ச அளவு என்று கனடாவின் வழிகாட்டி 2013-இல் சொன்னது. அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரையில், வாரம் 150 நிமிட உடலியக்கத்தை இலக்காக வைத்து, அவரவர் நிலைக்கேற்ப மெல்ல அதை எட்டச் சொல்கிறது.

இந்த எண்களைக் கண்டு மலைக்க வேண்டாம். தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் போதும்.

• நரம்பியல் மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

• ஐந்து நிமிடம் நடை, இரண்டு மூன்று நிமிடம் உட்கார்தல், மீண்டும் ஐந்து நிமிடம் நடை என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒரே மூச்சில் அரை மணி நடக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

• நடந்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட்டுப் பாட மூச்சு போதாமல் இருக்க வேண்டும். அதுதான் மிதமான வேகம்.

• ஒரு வாரம் சிரமமில்லாமல் போனால், மொத்த நேரத்தில் சில நிமிடம் கூட்டுங்கள். நேரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

• நடந்த நேரத்தையும், அன்று மாலை உடல் எப்படி இருந்தது என்பதையும் ஒரு நோட்டில் குறியுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டு பேசும்.

நடக்க முடியாதவர்கள் ஒதுங்கிவிட வேண்டியதில்லை. நாற்காலியில் அமர்ந்து மிதிக்கும் சிறு சைக்கிள், கைகளால் சுழற்றும் கருவி, தண்ணீருக்குள் செய்யும் பயிற்சி எல்லாம் இதயத் துடிப்பைக் கூட்டும். எது பொருந்தும் என்று இயன்முறை மருத்துவர் சொல்வார்.

நம் ஊர் வெயிலில்...

உட்தாஃப் கண்டது குளிர் நாட்டில். தமிழ்நாட்டின் சித்திரை வெயிலிலும், கடலோர ஊர்களின் புழுக்கத்திலும் எம்.எஸ். உள்ளவர்களுக்கு இந்தச் சிக்கல் கூடுதல். சூரியன் ஏறும் முன் நடப்பது நல்லது. பலருக்குக் களைப்பு மதியத்துக்கு மேல் கூடுவதாலும் காலையே பொருத்தம். கிளம்பும் முன் குளிர்ந்த தண்ணீர் குடியுங்கள். கழுத்தில் ஈரத்துண்டு போட்டுக்கொள்ளலாம். தளர்வான பருத்தி உடை அணியுங்கள். வெளியே கொதிக்கும் நாளில் மின்விசிறி ஓடும் கூடத்தில் சுவரோரமாக நடங்கள். காய்ச்சல் இருக்கும்போது நடக்க வேண்டாம்.

சிறுநீரை அடக்க முடியாமல் போகுமோ என்ற பயத்தில் வெளியே நடக்காத பெண்கள் நிறைய. அதற்காகத் தண்ணீரையும் குறைத்துவிடுகிறார்கள். அப்படிக் குறைத்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். தொற்று வந்தால் எம்.எஸ். அறிகுறிகள் மோசமாகலாம். வீட்டைச் சுற்றியே நடக்கலாம், கழிப்பறை பக்கத்தில் இருக்கும் பாதையைத் தேர்ந்தெடுக்கலாம். இந்தத் தொல்லைக்கு மருந்தும் பயிற்சியும் இருக்கின்றன. கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விழாமல் நடக்க

எம்.எஸ். உள்ளவர்களுக்கு நடப்பதும் யோசிப்பதும் ஒன்றுக்கொன்று போட்டி போடும். பேசிக்கொண்டே நடந்தால் நடை தளரும். நடையில் கவனம் வைத்தால் பேச்சு அறுபடும். ஆகவே தொடக்க நாட்களில் செல்போனைப் பையில் வைத்துவிட்டு, பேச்சில்லாமல் நடங்கள். நடை பழகிய பிறகு, இயன்முறை மருத்துவர் கண்காணிப்பில், நடந்துகொண்டே எண்களைப் பின்னோக்கிச் சொல்வதுபோன்ற இரட்டைப் பயிற்சிகளை முயலலாம்.

களைத்ததும் முன்பாதம் தொங்கித் தரையில் தட்டுகிறதா? தடுக்கி விழ அதுவே முக்கியக் காரணமாகிவிடும். கணுக்காலைத் தாங்கிப்பிடிக்கும் பட்டை இதற்கென்றே இருக்கிறது. ரப்பர் செருப்பு காலிலிருந்து கழன்று ஆபத்தாகும். பின்பட்டை உள்ள செருப்போ ஷூவோ போடுங்கள். கைத்தடி பிடிக்க வெட்கப்பட்டு வீட்டிலேயே முடங்குவதைவிட, கைத்தடியோடு தெருமுனைவரை போய்வருவது மேல்.

எப்போது நிறுத்த வேண்டும்?

நடந்தபின் பார்வை மங்குவதோ கால் கனப்பதோ ஓய்வெடுத்து உடல் குளிர்ந்ததும் சிறிது நேரத்தில் சரியாகிவிட்டால் பயப்பட வேண்டாம். அடுத்த நாள் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாளும் எழ முடியாத களைப்பு இருந்தால் அளவு மிஞ்சிவிட்டது என்று பொருள். புதிய அறிகுறி தோன்றி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது புதிய நோய்த்தாக்குதலாக இருக்கலாம். நடையை நிறுத்திவிட்டு உடனே நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், மயக்கம் வந்தால் காத்திருக்கவே கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"நீ உட்காரும்மா, நான் பார்த்துக்கிறேன்" என்பது பாசத்தில் வரும் வார்த்தை. ஆனால் நாள் முழுக்க அதையே கேட்கும் ஒருவருக்குக் கால் தசை கரைகிறது, தெம்பு வடிகிறது, தன்னால் எதுவும் ஆகாது என்ற எண்ணம் வேரூன்றுகிறது. நோய் எடுத்துக்கொண்டது போக மிச்சமிருக்கும் திறனை இந்த அசைவின்மையும் எடுத்துக்கொள்கிறது. "வா, தெருமுனைவரை நானும் வர்றேன்" என்பதும் பாசம்தான். அதில் பலன் அதிகம்.

பேச்சிலும் இதே அக்கறை வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு விஷயம் சொல்லுங்கள். பதிலுக்குச் சில விநாடி காத்திருங்கள். அவர் வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். தேவைப்படுவது கூடுதல் நேரம். அறிவு அவரிடம் இருக்கிறது.

அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். "என் யோசிக்கும் வேகத்தை அளந்து பார்க்கலாமா? எனக்கு ஏற்ற நடைப்பயிற்சி எது?" எம்.எஸ். இருப்பது தெரியவந்த முதல் மாதத்திலேயே இந்தக் கேள்விகள் எழ வேண்டும். பல ஆண்டு தாமதித்துவிட்டவர்களும் இன்று கேட்கலாம். மூளையை எந்த அளவு மீட்கலாம் என்று ஆய்வுகள் முடிவு சொல்லும்வரை காத்திருக்கத் தேவையில்லை. நடையால் உடலுக்கும் மனதுக்கும் கிடைக்கும் நன்மை ஏற்கெனவே நிரூபணமானது. அந்த நன்மைக்காகவே இன்றைக்கு ஐந்து நிமிடம் நடக்கலாம்.